சரிந்துபோன விறகறைக்கும் வரி: எங்கள் நகராட்சியின் சொத்துவரித் திருத்தச் சேவை எப்படி?

நீலகிரி மலையில் ஒரு நகராட்சி எல்லைக்குள், சாலையிலிருந்து பதினான்கு படி இறங்கிப் போகவேண்டிய சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. அப்பா 1986இல் கட்டிய வீடு. கருங்கல் சுவர், மேலே மங்களூர் ஓடு, பின்பக்கம் மட்டும் தகரம். அந்த வீட்டுக்கு நான் கட்டிவந்த சொத்துவரி தவறான அளவை வைத்துக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று 2024 ஆகஸ்டில் நகராட்சிக்கு மனு கொடுத்தேன். பதினொரு வாரத்துக்குப் பிறகு உத்தரவு வந்தது. கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது, ஒரு பகுதி கிடைக்கவில்லை. உணவகத்துக்கும் தங்கும் விடுதிக்கும் மதிப்புரை எழுதுகிறவர்கள், ஆண்டுக்கு இருமுறை தவறாமல் பணம் கட்டிப் பெறும் இந்தச் சேவையைப் பற்றி எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எந்த நகராட்சி என்று சொல்லப்போவதில்லை. சின்ன ஊர், அலுவலகத்தின் பெயரைச் சொன்னால் இருக்கையில் இருப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதலில் வரியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் வழக்கு புரியாது. நகராட்சிப் பகுதியில் ஒரு வீட்டின் வரி, அது எந்த மண்டலத்தில் இருக்கிறது, எத்தனை சதுர அடி, எவ்வகைக் கட்டடம், குடியிருப்பா வணிகமா என்பவற்றை வைத்து முடிவாகிறது. இதோடு 2022இல் இன்னொரு படிநிலை சேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அறிவித்த உயர்வில், சென்னையின் பழைய பகுதிகள் நீங்கலான இடங்களில், 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரையுள்ளவற்றுக்கு 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரையுள்ளவற்றுக்கு 75 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் வரி கூடியது. வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு. உயர்வு நியாயமா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. 2008க்குப் பிறகு நகராட்சிகளில் பொதுச் சீராய்வு நடக்கவில்லை என்று அரசு சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் இப்படிப் படி வைத்து உயர்த்தும்போது, படியின் ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு ஒவ்வொரு சதுர அடியும் கணக்காகிவிடுகிறது. 1,200 சதுர அடி வீட்டுக்காரருக்கு ஒன்றரை மடங்கு வரி, 1,201 சதுர அடி வீட்டுக்காரருக்கு ஒன்றேமுக்கால் மடங்கு.

எங்கள் வீடு நகராட்சிப் பதிவேட்டில் 1,246 சதுர அடி. 2022க்கு முன் நூலக வரி உட்பட அரையாண்டுக்கு 1,068 ரூபாய் கட்டிவந்தோம். உயர்வுக்குப் பிறகு அது 1,869 ரூபாய் ஆனது. அப்பா இறந்தபின் வரிவிதிப்பைப் பெயர் மாற்றம் செய்வதற்காக 2024 ஜூலையில் ஆவணங்களை எடுத்து மேசையில் பரப்பியபோதுதான் அந்த 1,246 என்ற எண்ணை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். முப்பத்தொரு ஆண்டு ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவன் நான். பச்சை இலை வந்து இறங்கும்போது சாக்கின் எடையைக் கழித்தார்களா என்று பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. அப்படிப்பட்டவன் என் வீட்டு வரிச்சீட்டில் சாக்கையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை இரண்டு ஆண்டாகக் கவனிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். அன்று மாலையே மருமகனை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். வெளிச்சுவரோடு சேர்த்து வீடு 1,128 சதுர அடிதான் வந்தது. மீதி 118 சதுர அடி எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இணையதளத்திலிருந்து தொடங்குகிறேன். நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் பொதுவாக உள்ள அரசின் வரி இணையதளத்தில் வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்தால் நிலுவை எவ்வளவு என்று தெரிகிறது, யூபிஐ வழியாகவும் அட்டை வழியாகவும் கட்டலாம், ரசீது உடனே வருகிறது. பணம் கட்டுவதற்கு அது நல்ல சேவை. மலையில் மழை பிடித்துக்கொண்ட ஜூலை மாதத்தில், குடையும் ஸ்வெட்டருமாக அலுவலகப் படியேறாமல் வரி கட்ட முடிவது சின்ன நிம்மதி இல்லை. ஆனால் கட்டும் தொகை சரியா என்று சோதிக்க முயன்றால் அது கையை விரித்துவிடுகிறது. மொத்தத் தொகை தெரிகிறது, அந்தத் தொகை எந்த அளவிலிருந்து, எந்த மண்டல மதிப்பிலிருந்து, எந்தக் கழிவுகளுக்குப் பிறகு வந்தது என்ற கணக்கின் வரிகள் எனக்குக் கிடைக்கவில்லை. மளிகைக் கடையில் கூட்டுத்தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வருவோமா?

அடுத்து அலுவலகக் கவுண்டர். முதல் நாள் போனபோது, 'பதிவேட்டில் இருப்பதுதான் கம்ப்யூட்டரில் வரும்' என்றார்கள். பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அதை எடுக்க வேண்டியவர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் முறை போனபோது அவர் வந்திருந்தார், ஆனால் பழைய அளவைத் தாள்கள் இருக்கும் அறையின் சாவி வேறொருவரிடம் இருந்தது. யாரும் கடிந்து பேசவில்லை, யாரும் காசும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மூன்றாம் முறை போவதற்குப் பதிலாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்க மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பதிவஞ்சலில் அனுப்பினேன். 'எனது வரிவிதிப்பு எண்ணுக்குரிய கட்டட அளவைத் தாளின் நகல், மண்டல வகைப்பாடு, 2022 உயர்வுக்கு முன்னும் பின்னும் வரி கணக்கிட்ட விவரம்' என்று மூன்றே கேள்விகள். சட்டம் முப்பது நாள் அவகாசம் தருகிறது. இருபத்தேழாம் நாள் பதில் வந்தது. இந்தச் சேவையில் நான் முழு மதிப்பெண் தரக்கூடிய பகுதிகளில் இது ஒன்று. வேறு ஊரில் இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு என் யோசனை, கவுண்டரில் வாதாடி நேரம் போக்காமல் நேராக இந்த வழிக்கு வந்துவிடுங்கள் என்பதே.

வந்த அளவைத் தாள் 2008ஆம் ஆண்டுப் பொதுச் சீராய்வின்போது எழுதப்பட்டது. கோணல்மாணலாக ஒரு வரைபடம், நான்கு அறைகள், ஒரு சமையற்கட்டு, அதன் பின்னால் சரிவின் ஓரத்தில் பத்தடிக்குப் பதினோரடி பத்தங்குலம் என்று ஒரு கட்டம். உள்ளே 'விறகு அறை' என்று எழுதியிருந்தது. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. அந்த அறை உண்மையிலேயே இருந்தது. 2009 நவம்பரில், கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி மாவட்டம் முழுக்க மண் சரிந்த அந்த வாரத்தில், எங்கள் பின்பக்கத் திட்டு உடைந்து அந்த அறை அடுக்கிவைத்த விறகோடு கீழே போய்விட்டது. வீடு தப்பியதே போதும் என்றிருந்த நேரத்தில், நகராட்சிக்குப் போய் ஓர் அறை குறைந்துவிட்டது என்று சொல்லவேண்டும் என யாருக்குத் தோன்றும்? பின்னர் அந்த இடத்தில் தடுப்புச் சுவர் கட்டினோம். இப்போது அதன்மேல் மேரக்காய்க் கொடி படர்ந்திருக்கிறது. ஆனால் பதிவேட்டில் விறகறை அப்படியே நின்றுகொண்டிருந்தது. 2018இல் அறிவித்து 2019இல் நிறுத்திவைத்த உயர்வாகட்டும், 2022இல் நடைமுறைக்கு வந்த உயர்வாகட்டும், இரண்டும் பழைய தொகையின்மேல் விழுக்காடு போட்டவைதாம். யாரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரவில்லை. இல்லாத அறைக்குப் பதின்மூன்று ஆண்டு வரி கட்டியது ஒரு பக்கம் இருக்கட்டும், 2022இல் வீட்டை 1,200ஐத் தாண்டவைத்து அடுத்த படிக்குத் தள்ளியதும் அந்த விறகறைதான்.

மலைப்பகுதியில் இருப்பவர்கள் தங்கள் அளவைத் தாளை வாங்கிப் பார்க்கவேண்டிய அவசியம் சமவெளியில் இருப்பவர்களைவிட அதிகம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வீடுகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. முன்பக்கம் தரைத்தளமாக இருப்பது பின்பக்கம் முதல் மாடியாகிவிடும். நடுவில் ஐந்தடி உயரத்தில் குனிந்து போகும் ஒரு பொந்து இருக்கும், அதில் உருளைக்கிழங்கு மூட்டையும் பழைய கட்டிலும் கிடக்கும். அதையும் ஒரு தளமாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். சரிவின்மேல் டேப்பைச் சாய்த்துப் பிடித்து அளந்தால் நீளம் கூடித்தான் வரும். சில தாள்களில் அளவு சதுர மீட்டரில் இருக்கும், அதை 10.764ஆல் பெருக்கினால்தான் சதுர அடி வரும், 11ஆல் பெருக்கி முழுமையாக்கினால் ஆயிரம் சதுர அடியில் இருபதுக்கு மேல் கூடிவிடும். இன்னொன்று, அளவு வெளிச்சுவரிலிருந்து எடுக்கப்படுகிறது. எங்கள் வீட்டைப் போன்ற பழைய கல் வீடுகளில் சுவரே ஒன்றரை அடி கனம். குளிரை நிறுத்துகிற சுவருக்கும் வரி உண்டு என்பதால், உள்ளே நின்று அளந்து 'குறைவாக வருகிறதே' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. நானே முதலில் உள்ளளவு எடுத்து ஏமாந்து, பிறகு மழைவிட்ட நேரம் பார்த்து வெளியே போய் அளந்தேன்.

மண்டலத்தையும் சரிபார்த்தேன். ஏ, பி, சி என்று தெருக்கள் பிரிக்கப்பட்டிருக்கும் பட்டியலில் எங்கள் தெரு சரியான இடத்தில்தான் இருந்தது. பக்கத்து மூன்று வீட்டாரின் ரசீதை வாங்கி, சதுர அடிக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பார்த்ததில் மண்டலத்தில் பிழையில்லை என்று உறுதியானது. அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டேன்.

மனு எழுதும் வேலையைத் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் ஒருவர் 1,500 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று ஒரு வார்த்தை வேறு. என் வரியில் மிச்சமாவதே அரையாண்டுக்குச் சில நூறு ரூபாய் என்னும்போது அது யாருக்கு லாபம் என்று கேட்டு வந்துவிட்டேன். நானே எழுதிய மனு ஒன்றரைப் பக்கம். ஆணையருக்கு முகவரியிட்டு, வரிவிதிப்பு எண், பதிவேட்டில் உள்ள அளவு, உண்மையான அளவு, வித்தியாசத்துக்குக் காரணம், நேரில் அளந்து திருத்துமாறு வேண்டுகோள், அவ்வளவுதான். இணைப்பாக அளவைத் தாளின் நகல், தடுப்புச் சுவர் கட்டிய மேஸ்திரியின் 2010ஆம் ஆண்டுக் கணக்குச் சீட்டு, இப்போதைய புகைப்படங்கள் நான்கு, கடைசி மூன்று ரசீதுகள் ஆகியவற்றை வைத்தேன். இரண்டு படி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொண்டேன். மனுவுக்குக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

அளக்க வருவதாகச் சொன்ன நாள் இருமுறை தள்ளிப்போனது. ஒருமுறை மழை, மற்றொருமுறை வருவாய் உதவியாளர்களை வேறு கணக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். செப்டம்பர் நடுவில் ஒரு காலை, படிக்கட்டின் கீழ்ப்பாதி பனிமூட்டத்தில் தெரியாத நேரத்தில், முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் வருவாய் உதவியாளர் வந்தார். கையில் முப்பது மீட்டர் நார் டேப், அட்டையில் செருகிய தாள். முதலில் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் டேப்பைப் பிரித்தார். அந்த ஒரு செயலிலேயே வேலை தெரிந்தவர் என்று எனக்குப் பட்டது. சரிவுப் பக்கம் அளக்கும்போது டேப்பின் முனையை நான் சுவரோடு ஒட்டிப் பிடிக்க, அவர் மறுமுனையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, மட்டம் பார்த்து, தொய்வில்லாமல் இழுத்துப் படித்தார். மேரக்காய்க் கொடியின் முன்னால் வந்து நின்று தாளைப் புரட்டி, "ஐயா, இந்த விறகு ரூம் எங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், வேலிக்கு அப்பால் சாணி தட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "அது அந்த மழையிலயே போச்சு அம்மணி, எங்க கோழிக்கூண்டையும் இழுத்துட்டுப் போச்சு" என்றார். உதவியாளர் சிரித்துக்கொண்டே, அந்தக் கட்டத்தின்மேல் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் 'தற்போது இல்லை' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்பக்கம் வந்தவர் கண்ணாடி வராந்தாவைப் பார்த்து நின்றார். 2014இல், சாரல் உள்ளே அடிக்காமல் இருப்பதற்காக, ஆறடிக்கு ஏழடி இருந்த திறந்த முகப்பைச் சுற்றிக் கண்ணாடிச் சட்டம் வைத்து அடைத்திருந்தோம். 2008ஆம் ஆண்டுத் தாளில் அது இல்லை. நான் அளந்தபோது அதை விட்டுவிட்டுத்தான் அளந்தேன்; மறந்துவிட்டேன் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் அளந்து 42 சதுர அடி என்று சேர்த்தார். ஆகப் புதிய அளவு 1,170. இன்னும் முப்பத்தொரு சதுர அடிக்கு ஏதாவது கட்டியிருந்தால் நான் போட்ட மனுவே என்னைப் பழைய படியில் உட்காரவைத்திருக்கும்.

மறுஅளவு கேட்பதில் உள்ள இந்த ஆபத்தை அழுத்திச் சொல்லவேண்டும். டேப் இரண்டு பக்கமும் பேசும். எங்கள் தெருவிலேயே ஒருவர், வீட்டின் மேல்பகுதி இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். என் வெற்றியைப் பார்த்து அவரும் மனுப் போட நினைத்தார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த அறைகள் வணிகப் பயன்பாடு என்று எழுதப்பட்டால் அந்தப் பகுதிக்கு வீட்டுக் கணக்கே பொருந்தாது, வரி வேறு வகையில் ஏறும். சட்டப்படி அவர் அதைத் தானாகவே தெரிவித்திருக்கவேண்டும் என்பது வேறு விஷயம். சீசன் நேரத்தில் இந்த ஊரில் எத்தனை வீடுகள் காட்டேஜாக மாறுகின்றன என்பது நகராட்சிக்கும் தெரியும். அனுமதி பெறாமல் கூடுதல் தளம் கட்டியவர்களும் டேப்பை வீட்டுக்கு அழைப்பதற்கு முன் இருமுறை யோசிக்கவேண்டும். மலைப்பகுதிக் கட்டட விதிகள் இங்கே கடுமையானவை, வரி குறைக்கப்போய் வேறு நோட்டீஸ் வாங்கிவரக் கூடாது.

ஆணையரின் உத்தரவு அக்டோபர் 28ஆம் தேதி கையெழுத்தானது. பரப்பு 1,170 சதுர அடியாகத் திருத்தப்படுகிறது, 50 விழுக்காட்டுப் படி பொருந்தும், அரையாண்டு வரி 1,504 ரூபாய். இடையில் வரும் ஆண்டு உயர்வுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் அரையாண்டுக்கு 365 ரூபாய் குறைவு. ஆனால் திருத்தம் மனுக் கொடுத்த அரையாண்டிலிருந்துதான் செல்லும். 2022-23 முதல் 2023-24 முடிய நான்கு அரையாண்டுகளுக்கு நான் கூடுதலாகக் கட்டிய 1,460 ரூபாய்க்கு எதுவும் இல்லை. காரணம் ஒரே வரியில் இருந்தது: உயர்வு அறிவிப்பு வந்தபோது, அதில் குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. அந்த அறிவிப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது உண்மை. அப்பா அதை அலமாரியில் பால் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தார்.

இந்த முடிவு எனக்கு மனநிறைவு தரவில்லை. 2019இல் அரசு உயர்வை நிறுத்திவைத்தபோது, ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அத்தொகையை வரும் அரையாண்டுகளில் நேர்செய்வதாக அறிவித்தது. ஒரு மாநிலம் முழுவதற்கும் அப்படிச் செய்ய முடிந்தால், இல்லை என்று தானே நேரில் வந்து பார்த்துக் குறுக்குக் கோடு போட்ட ஓர் அறைக்காக வாங்கிய பணத்தை நகராட்சி நேர்செய்வதில் என்ன தடை என்று கேட்கத் தோன்றுகிறது. இதற்குமேல் நகர்மன்ற உறுப்பினர்கள் அடங்கிய வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். நான் போகவில்லை. 1,460 ரூபாய்க்காக இன்னும் நான்கைந்து முறை படியேற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. என்னைவிட இளையவர்களும் பெரிய தொகை இழந்தவர்களும் போகலாம், போகவும் வேண்டும்.

தங்கை மகள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னபோது, அங்கேயும் வீட்டுக்குப் படி வைத்துத்தான் உள்ளாட்சி வரி என்றாள். ஏ முதல் எச் வரை எட்டுப் படிகள். 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்துப் படி முடிவாகிறது, பின்னால் கட்டிய வீடானாலும் அதே தேதிக்கு மதிப்புப் போடுகிறார்களாம். எச் படியில் இருப்பவர் டி படிக்காரரைப்போல் இரண்டு மடங்கு கட்டவேண்டும். முப்பது ஆண்டுக்கு முந்தைய விலையில் இன்றைய வரி என்பது நம் 2008ஆம் ஆண்டுத் தாளையே மிஞ்சிவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் தெருவில் உள்ள ஒவ்வொரு வீடும் எந்தப் படியில் இருக்கிறது என்று அரசின் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதே மாதிரி வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கீழ்ப்படியில் இருந்தால் கேள்வி கேட்கலாம், கேட்கக் கட்டணம் இல்லை. நான் மூன்று வீட்டுக் கதவைத் தட்டி ரசீது வாங்கியதை அவள் அடுப்படியில் நின்றபடி செய்துமுடித்திருப்பாள். சோதனைக்குப் பிறகு படி ஏறிவிடவும் கூடும் என்ற பயம் மட்டும் அங்கேயும் இதேதான்.

மனு நடக்கும் காலத்தில் வரியை நிறுத்திவைக்கலாமா என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். வேண்டாம். காலம் கடந்தால் மாதத்துக்கு ஒரு விழுக்காடு வட்டி ஏறும். அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டுபவர்களுக்கு ஐந்து விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை கிடைக்கிறது. இதிலும் எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல். உத்தரவு 28ஆம் தேதி கையெழுத்தானது, 31ஆம் தேதி தீபாவளி, மறுநாளும் விடுமுறை. கணினியில் புதிய தொகை ஏறியது நவம்பர் முதல் வாரத்தில். பழைய தொகையையே கட்டிவிட்டு வந்திருக்கலாம். திருத்திய தொகையைத்தான் கட்டவேண்டும் என்று பிடிவாதமாகக் காத்திருந்ததில் எழுபத்தைந்து ரூபாய்ச் சொச்சம் ஊக்கத்தொகை போனது. அதை நகராட்சியின் கணக்கில் எழுதாமல் என் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன்.

கிராம ஊராட்சி எல்லையில் இருக்கும் ஹட்டிகளுக்கும் (படகர் ஊர்களுக்கும்) குடியிருப்புகளுக்கும் இதெல்லாம் பொருந்தாது. அங்கே வீட்டுவரி வேறு சட்டத்தின் கீழ், வேறு கணக்கில் வருகிறது. ஊர் ஒன்றாகத் தெரிந்தாலும் எல்லை நடுவில் ஓடக்கூடும் என்பதால் ரசீதின் தலைப்பில் நகராட்சியா ஊராட்சியா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் தரச்சொன்னால், வரி கட்டும் வசதிக்கு ஐந்துக்கு நான்கு. கணக்கை வெளிப்படையாகக் காட்டுவதற்கு ஒன்று, அதுவும் தகவல் சட்டத்தின் தயவால். நேரில் வந்து அளந்த முறைக்கு ஐந்துக்கு ஐந்து. என் வராந்தாவைச் சேர்த்துக்கொண்டதற்காக அரை மதிப்பெண்ணைக்கூட நான் குறைக்கவில்லை. உத்தரவின் வேகத்துக்கு மூன்று. பழைய தொகையை நேர்செய்ய மறுத்ததற்கு என்ன போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நவம்பரில் புதிய தொகையைக் கட்டி வந்த பிறகு, அளவு மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். தொகை திருத்தியிருந்தார்கள், பரப்பு என்ற கட்டத்தில் 1,246 அப்படியே இருந்தது. அடுத்த உயர்வு வரும்போது கணினி எந்த எண்ணைப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால், உத்தரவின் நகலோடு மறுநாளே போனேன். கவுண்டரில் இருந்தவர் உத்தரவைப் படித்துவிட்டு, ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, என் கண்முன்னாலேயே மாற்றினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திருத்திய விவரத்தை அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதில் 1,170 என்று இருக்கிறது. அதை இம்முறை பால் கணக்கு நோட்டுக்குள் வைக்கவில்லை.